ஏரிக்கரைக் கூடாரமும் பத்தாம் நாள் காய்ச்சலும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் ஊட்டிப் பேச்சு ஆரம்பமாகிவிடும். முன்பெல்லாம் பொட்டானிக்கல் கார்டன், படகுச் சவாரி, நாலு பாக்கெட் வர்க்கி என்று பயணம் முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் கேட்பதே வேறு. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று ஜன நடமாட்டம் குறைந்த ஏரிகளாகப் பார்த்துச் சொல்கிறார்கள். கூடாரத்தில் தங்க வேண்டும், தூண்டில் போட வேண்டும், விடியற்காலையில் கடமான் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

தாராளமாகப் போங்கள்! அவலாஞ்சியில் 1907-லேயே டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். குளிர்ந்த, தெளிந்த நீரில் மட்டுமே வாழும் மீன் அது. அப்படிப்பட்ட நீரையும் காற்றையும் நம் பிள்ளைகள் அனுபவிக்க வேண்டாமா? ஆனால், போய்த் திரும்பிய பிறகு நடப்பதைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனை அவன் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். நல்ல காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. "வைரல் ஃபீவரா இருக்கும் டாக்டர், நிலவேம்பு குடுங்க போதும்" என்றார். நானும் நாடி பார்த்துவிட்டு நிலவேம்புக் குடிநீர் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் பையன் சுருண்டு கிடந்தான், மூச்சு வாங்கியது. அப்போதுதான் கேட்டேன்: "எங்கேயாவது வெளியூர் போயிருந்தியா தம்பி?" பத்து நாளைக்கு முன் நண்பர்களோடு நீலகிரி ஏரிக்கரை ஒன்றில் கூடாரத்தில் தங்கியிருக்கிறான். மீன் பிடிக்கிறேன் என்று பகல் முழுக்கப் புல்லிலும் புதரிலும் உட்கார்ந்திருக்கிறான். சட்டையைக் கழற்றச் சொன்னேன். அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு! வலியில்லை, அரிப்பில்லை. அதனால் அவனுக்கே தெரியவில்லை.

உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஸ்க்ரப் டைபஸ் என்று உறுதியானது. பையன் பிழைத்தான். ஆனால் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வியை நான் மூன்றாம் நாள் கேட்டேன். அந்த உறுத்தல் இன்னும் எனக்கு இருக்கிறது.

இந்தக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணியைவிடப் பொடிசான ஒரு பூச்சியின் இளம்பருவம். புல், புதர், ஈர மண் உள்ள இடங்களில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கடித்தாலும் தெரியாது. மழைக்குப் பிந்தைய மாதங்களில்தான் அதிகம் என்றாலும், கோடையில் வராது என்று சொல்வதற்கில்லை. கடித்த ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் அந்தப் பொருக்கு இருக்கலாம். எல்லோருக்கும் இருக்கும் என்பதில்லை. காலத்தில் கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரைக்கே கட்டுப்படும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிருக்கே ஆபத்து.

அதனால் என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போய்வந்த மூன்று வாரத்துக்குள் வரும் காய்ச்சலுக்கு, வீட்டுக் கஷாயத்தை நம்பி நாள் கடத்தாதீர்கள். கஷாயம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன்.

"என்ன சார், நம்ம வைத்தியத்தை நீங்களே விட்டுக்கொடுக்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். விட்டுக்கொடுக்கவில்லை ஐயா! நோயாளியின் நிலத்தையும் பார்க்க வேண்டும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். குறிஞ்சி நிலம் சுரத்துக்கு இடம் தரும் என்று எங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை மறந்தது நான்தான். எந்த மருத்துவரிடம் போனாலும் "இன்ன தேதியில் இன்ன மலைக்குப் போனோம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

போகும்போதும் சில விஷயங்களில் கவனம் வேண்டும். முழுக்கைச் சட்டை போடுங்கள். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். வெறும் புல்தரையில் படுக்காதீர்கள், துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியைத் துவைக்கப் போடுங்கள். குழந்தைகளின் காது மடல், அக்குள், இடுப்பு எல்லாம் பாருங்கள். அட்டை கடித்தால் பதற வேண்டாம், நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டுக் கழுவினால் போதும். ஏரித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் காட்டு மாடும் கடமானும் இறங்கும் தண்ணீர் அது. கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

கூடாரம் போடவும் தூண்டில் போடவும் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி இறந்த இளைஞர்களை நாம் மறக்கக் கூடாது.

காடு நமக்கு விருந்து வைக்கிறது. சாப்பிட்டு வாருங்கள். வந்த பிறகு மூன்று வாரம் காலண்டரில் ஒரு கண் வைத்திருங்கள், அவ்வளவுதான்!