இரண்டு கையும் கேட்கிற வேலை

ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் வாசிப்பது எப்படி என்று அறிவுரை சொல்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. நீங்கள் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் வீட்டில் சோறு வடித்தது யார்?

ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த அறிவுரைகள் வந்துவிடும். அதிகாலை 4 மணிக்கு எழுங்கள். தினமும் இருபது பக்கம் வாசியுங்கள். எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே, மனமிருந்தால் மார்க்கமுண்டு.

நான் முட்டத்துக்காரி. எங்கள் கடற்கரையில் அதிகாலை 4 மணி சும்மா கிடக்கும் நேரம் அல்ல. தொழிலுக்குப் போகிறவருக்குக் கட்டன்சாயாவும் சோறும் அதற்குள் தயாராக வேண்டும். வள்ளம் கரைக்கு வந்தால் ஏலம். ஏலத்தில் மீன் எடுத்தவள் அது கெடுவதற்குள் சந்தைக்கு ஓட வேண்டும். திரும்பி வந்தால் துணி, தண்ணீர், பிள்ளைகள், மாமியாரின் மாத்திரை. இவளிடம் போய் "விடியலில் எழுந்து வாசி" என்பது அறிவுரை இல்லை, நக்கல்.

மாதம் இரண்டு புத்தகம் என்பது என் இலக்கு. வருடத்துக்கு 24. ஒரு புத்தகம் 300 பக்கம், மணிக்கு 30 பக்கம் என்று வைத்தால் மொத்தம் 240 மணி நேரம். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 40 நிமிடம். இனி அரசாங்கக் கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஈடுபடாத ஆண்கள்தான் அதிகம் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இடைவெளி 201 நிமிடம். அதில் ஐந்தில் ஒரு பங்கை யாராவது பகிர்ந்துகொண்டாலே என் 24 புத்தகங்கள் முடிந்துவிடும். என்னிடம் இல்லாதது மன உறுதி இல்லை. என்னுடைய 40 நிமிடம் வேறொருவரிடம் இருக்கிறது.

"சீரியல் பார்க்க நேரமிருக்கிறதே?" என்று உடனே கேட்பார்கள். இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சீரியல் பார்த்துக்கொண்டே உள்ளி உரிக்கலாம், துணி மடிக்கலாம், நெத்தோலி கிள்ளலாம். புத்தகம் அப்படியல்ல. அதற்கு இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும், மனசும் வேண்டும். கை வேலையில் இருக்கும்வரை ஒரு பெண்ணின் பொழுதுபோக்கை வீடு பொறுத்துக்கொள்கிறது. கை நின்றால்தான் "ஏ பிள்ளே, அடுப்புல என்ன கெடக்குன்னு பாரு" என்ற குரல் வருகிறது.

எங்கள் கரையில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. கடலில் இருக்கும் கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கையை வைத்துத்தான் தகழி 1956இல் 'செம்மீன்' எழுதினார். நம் நாகர்கோவில் சுந்தர ராமசாமிதான் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இன்று யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஆள் கடலில் இருக்கும்போது வாசல்படியில் நாவலோடு உட்கார்ந்து பாருங்கள். "ஆம்பள கடல்ல கெடக்கான், இவளுக்குக் கதப்பொஸ்தகம்." ஜெபமாலை உருட்டினால் மரியாதை, ஏனென்றால் அது அவருக்காக. புத்தகம் எனக்காக. அதுதான் குற்றம்.

முட்டத்தில் எடுத்த 'கடலோரக் கவிதைகள்' (1986) படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முரடன் சின்னப்பதாஸுக்கு ஜெனிபர் டீச்சர் எழுத்து கற்றுக்கொடுப்பாள். ஊரே ரசித்தது. அவனை நினைத்துக் காத்திருக்கும் கங்கம்மாவுக்கு யார் டீச்சர் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆண் எழுத்து படித்தால் மனிதனாகிறான். பெண் காத்திருந்தாலே போதும்.

குமரி மாவட்டம் படித்த மாவட்டம் என்று பெருமை பேசுவார்கள். உண்மைதான், 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனால் எழுத்தறிவு வேறு, வாசிப்பு வேறு. 2017 நவம்பரில் ஒக்கி அடித்தபோது திரும்பி வராத ஆண்களின் மனைவிமார் எத்தனை காகிதத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது! அதற்கு எழுத்து தெரிந்தால் போதும் என்று வீடும் ஊரும் நினைக்கின்றன. கையெழுத்துப் போடவும் பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்க்கவும்தான் எங்களுக்குப் படிப்பு. அதற்கு மேல் ஒரு பக்கம் புரட்டினால் அது ஆடம்பரம்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) இதே மாவட்டத்துக் கதை. பெரியவளானதும் லிஸியின் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. இன்று எங்கள் பெண்கள் கல்லூரிவரை போகிறார்கள். வயதுக்கு வருவது அன்று செய்த வேலையை இன்று கல்யாணம் செய்கிறது. பட்டம் சுவரில் தொங்கும், புத்தகங்கள் பரணில்.

ஒளிந்து வாசித்த பெண்களை நாம் கொண்டாடுகிறோம். வங்கத்து ராஸசுந்தரி தேவி அடுக்களையில் யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கூட்டிப் படித்தார். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட சல்மா கழிவறையில் மறைந்து கவிதை எழுதினார். இருவரையும் வணங்குகிறேன். ஆனால் அந்தக் கதைகளை "பார், மனசிருந்தால் முடியும்" என்று என் தலையில் வைக்காதீர்கள். அவை அந்தப் பெண்களின் திறமைக்குச் சாட்சி, அந்த வீடுகளின் மீது குற்றப்பத்திரிகை. திருடி வாசிப்பது எங்கள் லட்சியமாக இருக்க முடியாது.

கடலுக்குப் போகிறவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் விசைப்படகில் போகிறவர்தான். ஆனால் எங்கள் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு நிற்கிறது, வலை உலர்கிறது, ஆண்கள் வீட்டில். அந்த 61 நாளில் எத்தனை வீட்டில் அடுப்பு கை மாறியது? மாறாது, மூன்று வேளையும் கூடுதலாக ஓர் இலைதான் போடுவோம்.

நூலகத்துக்கும் ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அந்த வழியில்தான் இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். ஆனால் கடற்கரை ஊர்ப் பெண் சந்தை முடிந்து, சமையல் முடிந்து நிமிர்கிற நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா? மீன் வாசத்தோடு போய் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார முடியுமா? முடியாதென்றால் அந்த வரியை எங்களிடம் எதற்கு வாங்குகிறீர்கள்?

என் வீட்டில் இரவு 8 மணி முதல் 8.40 வரை என்னை யாரும் கூப்பிடக் கூடாது. இதைச் சொன்ன அன்று வீடே சிரித்தது. சாப்பாடு தாமதமானது, முகங்கள் தூக்கிக்கொண்டன. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது வாரம் என் மகன் முட்டை பொரிக்கக் கற்றுக்கொண்டான்.

தோழிகளே, இந்த ஆண்டின் வாசிப்பு இலக்கை டைரிக்குள் எழுதி மூடி வைக்காதீர்கள். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறித்து வைக்கும் அடுக்களைக் காலண்டரில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த 40 நிமிடமும் அடுப்பைப் பார்க்க வேண்டியவரின் பெயரையும் எழுதுங்கள்.