எரியாத விளக்கு

சென்ற மாதம் நம் உறவினர் ஒருவர் கிளிநொச்சியிலே பழைய வான் ஒன்றை விலைக்கு வாங்கினார். மறுகிழமையே வவுனியாவுக்குப் புறப்பட்டவர், மாங்குளத்தைத் தாண்டியதும் எஞ்சினிலே தட்டொலி கேட்டு நின்றுவிட்டார். ஒயில் கசிந்து வற்றியிருந்தது. "சிவப்பு விளக்கு எரியவேயில்லையே!" என்று அவர் திகைக்க, கராஜிலிருந்த முதிய மெக்கானிக், "எரிவதற்குக் குமிழ் இருக்கவேண்டும், தம்பி" என்றார். முன்பலகையைக் கழற்றிப் பார்த்தால், குமிழை யாரோ முன்னரே எடுத்துவிட்டிருந்தார்கள்! எடுத்தவர் எவரென்ற ஆராய்ச்சி இங்கு வேண்டாம்.

இவ்விளக்கின் அருமையை வன்னி வாசிகள் நன்கறிவார்கள். 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிட்டாதுபோகவே, பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் நெடியை மறக்கத்தான் முடியுமா? மண்ணெண்ணெய் முற்றாக எரிவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி, ஒயிலிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயிலில் அழுத்தம் குறையும். அப்போது ஒயில் விளக்கு கண்சிமிட்டும். அதைக் கண்டு ஒயிலை மாற்றியவர் தம் எஞ்சினைக் காத்துக்கொண்டார்.

மாணவர்கள் இதன் மின்சுற்றை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். திறப்பைத் திருப்பியதும் பற்றறியின் மின்னோட்டம் குமிழ் வழியே சென்று, எஞ்சினில் திருகப்பட்டுள்ள சிறிய ஆளியை அடைந்து, அதனூடாக இரும்புடலிற் சேர்கிறது. எஞ்சின் கிளம்பி ஒயில் அழுத்தம் ஏறினால் ஆளி விலகும், சுற்று அறும், விளக்கு அணையும். ஆனால் குமிழ் கருகினாலும், வயர் அறுந்தாலும் அது அணைந்தேதான் இருக்கும்! ஆகையால் எஞ்சினைக் கிளப்புமுன் திறப்பை மட்டும் திருப்பிப் பாருங்கள். விளக்கு எரிந்தேயாக வேண்டும்.

எரியாவிட்டால், ஆளியிலுள்ள வயரைக் கழற்றி, எஞ்சினின் துருவற்ற இரும்பிலே தொட்டுப் பாருங்கள். எரிந்தால் பழுது ஆளியில் அல்லது அதன் முனையில். செம்புழுதியும் மாரிச் சேறும் முனையைத் துருப்பிடிக்கச் செய்திருக்கலாம். அப்போதும் எரியாவிட்டால் வயர், குமிழ், உருகி என்று பின்னோக்கித் தேடவேண்டும். எலி கொறித்த வயரை நாமே கண்டிருக்கிறோம்.

எஞ்சின் ஓடுகையில் விளக்கு எரிந்தாலோ, உடனே நிறுத்திவிடுங்கள். ஒயில் அளவை முதலிற் பாருங்கள். அளவு சரியாயின், எஞ்சினைக் கிளப்பாது திறப்பை மட்டும் திருப்பி, ஆளியின் வயரைக் கழற்றுங்கள். விளக்கு இன்னும் எரிந்தால், வயர் எங்கோ உரசி இரும்புடலைத் தொடுகிறது என்று பொருள். அணைந்தால், பழுது ஆளியிலா, உண்மையிலேயே அழுத்தத்திலா என்பதை அழுத்தமானி வைத்தே அறியலாம். வெறும் ஊகத்தில் "ஓடலாம்" என்பவரை நம்பி நீண்ட வழி செல்வது நமக்கு உடன்பாடன்று.

புதிய வண்டிகளின் மஞ்சள் எஞ்சின் விளக்கு வேறு இனம். அதனைக் கணினி ஆள்கிறது. காரணத்தைக் கருவி கொண்டு வாசிக்கவேண்டும். அதுவும் கிளப்புமுன் எரிந்து காட்டவேண்டியதே.

உறவினரின் வான் மூன்று கிழமைக்குப் பின் வீடு திரும்பியது. எஞ்சின் வேலைக்கான கணக்கு ஒரு முழுத்தாளை நிரப்பியது. புதிய குமிழின் விலையை அதில் எழுத அந்த மெக்கானிக் மறந்தேபோனார்.