மில்லுக்கு மேல் மணல்

பல்லடத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் தூத்துக்குடி. கன்டெய்னரை அடைத்து, கப்பல் தேதிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம். அதை விட்டால் ராமேஸ்வரத்தில் திதி, திருச்செந்தூரில் மொட்டை. முழுக்குப் போட்டு, வேட்டியைப் பிழிந்து, வேன் கம்பியில் காயப்போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஒரு வேலையும் இல்லாமல் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது எங்கள் ஊர்க் கணக்கில் விரயம். இப்படிப்பட்ட ஊர்க் கூட்டம் ஒன்று 2019 ஜூனில் பார்சிலோனாவுக்குப் போனது. நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

போன காரணம் தறி. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவில் நடக்கும் ஐடிஎம்ஏ ஜவுளி இயந்திரக் கண்காட்சி அந்த முறை பார்சிலோனாவில், ஜூன் 20 முதல் 26 வரை. அரங்கத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ‘ஏனுங்’ காதில் விழுந்தது. சோமனூர், திருப்பூர், ஈரோடு, கோவை எல்லாம் அங்கேதான் இருந்தன. பகலெல்லாம் ஏர்ஜெட் தறி நிமிஷத்துக்கு எத்தனை ஊடை போடுகிறது, எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்று விசாரித்துவிட்டு, சாயங்காலம் வெளியே வந்தால் வெயில் நம்மூர் மூன்று மணி போல அடிக்கிறது. அங்கே ஜூனில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகிவிடும். அறைக்குப் போய் என்ன செய்ய? மெட்ரோ பிடித்துக் கடற்கரைக்குப் போனோம்.

பார்சிலோனெட்டா என்பது 1753-ல் கோடு போட்டாற்போல் கட்டிய மீனவர் குடியிருப்பு. வீடுகள் ஒடுக்கம், தெருக்கள் நேர். பால்கனிக்குப் பால்கனி துணி காய்கிறது. தெரு முடிகிற இடத்தில் மணல். மணலில் சனம், கரூர் பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக்கு முந்தின நாள் நிற்பதுபோல. என்ன, இங்கே எல்லாரும் படுத்திருந்தார்கள், பாதி உடுப்பில். எங்கள் ஆட்கள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. கவனித்துப் பார்த்தால், உள்ளூர்க்காரர் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்தது வெளியூர்க்காரர்கள்தான்.

எங்களோடு வந்த அண்ணன் ஒருவர், காடா துணிக்குக் கூலி நெசவில் தொடங்கிச் சொந்தமாக ஏர்ஜெட் போட்டவர், என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “ஏனுங் தம்பி, இத்தன சனம் வேல வெட்டிக்குப் போகாதுங்களா?”

நியாயமான கேள்வி. பதில் எனக்கு நூறு வருஷம் பின்னோக்கிப் போனபோது கிடைத்தது. 1919 பிப்ரவரியில் அந்த ஊர் மின்சாரக் கம்பெனியில் வேலைநிறுத்தம். கம்பெனி கனடாப் பணத்தில் நடந்ததால் ‘கனடாக்காரி’ என்றே பேர். கரன்ட் நின்றது, டிராம் நின்றது, மில் நின்றது, ஊர் இருண்டது. 44 நாள். அதன் முடிவில்தான் ஸ்பெயின் அரசு எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. ஐரோப்பாவில் முதன்முதலில் அப்படிச் செய்த நாடுகளில் அதுவும் ஒன்று. அந்தக் கம்பெனியின் மூன்று புகைபோக்கிகள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கின்றன. ஆக, மணலில் கிடக்கிற இவர்கள் வேலைக்குப் போகாதவர்கள் அல்ல, போய்விட்டு வந்தவர்கள். வந்த பிறகும் வெயில் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். இதை நான் விளக்கிச் சொன்னபோது, பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தறி ஓட்டுகிற எங்கள் குழுவில் யாரும் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை.

மணலில் ‘சர்வேசா, பீர்’ என்று கூவிக்கொண்டு போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் துணைக்கண்டத்து முகங்கள். ஊருக்குள் ராவால் என்கிற பகுதியில் பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் நிறைய. வங்கதேசத்துப் பையன்களும் உண்டு. ஒருவன் தோளில் அடுக்கடுக்காகக் கடற்கரை விரிப்புத் துணி. அண்ணன் நிறுத்தி, துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். “ரேயானுங். முப்பதாம் நம்பர் இருக்கும். நம்ம ஈரோட்டுப் பக்கம் ஓடுன துணியாட்டவே இருக்குது.” அவன் பத்து யூரோ சொன்னான். அண்ணன் மனசுக்குள் மீட்டருக்கு இவ்வளவு, பிரிண்டுக்கு இவ்வளவு என்று போட்டுப் பார்த்துவிட்டு எட்டு யூரோ லாபம் என்றார். வாங்கவில்லை.

அந்த மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அங்கே தானாக இருந்த மணல் இல்லை, பெரும்பாலும். 1980-கள் வரை பார்சிலோனா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஊர். பார்சிலோனெட்டாவுக்கு வடக்கே பொப்லெனோ என்கிற பகுதி முழுக்க மில்கள். கோவைக்குத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று பட்டம் இருப்பதுபோல அதற்குக் கத்தலான் மான்செஸ்டர். கரையோரமாகவே ரயில் பாதை. கழிவெல்லாம் கடலுக்கு. இடையில் சொமொரொஸ்த்ரோ என்றொரு குடிசைப் பகுதி. அலை அடித்தால் குடிசையே போகும். ஃபிளமெங்கோ ஆட்டக்காரி கார்மென் அமாயா அங்கே பிறந்தவர். 1966-ல், சர்வாதிகாரி ஃபிராங்கோ கப்பல் படை ஒத்திகை பார்க்க வருகிறார் என்று அவசர அவசரமாகக் குடிசைகளைக் காலி செய்தார்கள். 1986-ல் ஒலிம்பிக் கிடைத்தது. ஆறே வருஷத்தில் மில்களை இடித்து விளையாட்டு வீரர் குடியிருப்பு, ரயில் பாதையைத் தரைக்குக் கீழே இறக்கி, மணலைக் கொட்டிக் கடற்கரை. இன்றைக்கும் பெரும்புயல் வந்தால் மணல் போய்விடும். மறுபடி கொண்டுவந்து கொட்டுவார்கள்.

புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பூங்கா நடுவே, அடுக்குமாடி நடுவே, சிவப்புச் செங்கல்லில் தனியாக நிற்கிறது ஒவ்வொன்றும். 1911-ல் கட்டி முடித்த கசரமோனா நூல் மில் இப்போது ஓவியக்கூடம். எங்கள் ஆட்கள் ஓவியத்தைப் பார்க்கவில்லை. கூரை வளைவையும் தூண் இடைவெளியையும் பார்த்து, எத்தனை ஸ்பின்டில் போட்டிருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். “நல்ல மில்லு, கெடுத்துப் போட்டாங்க” என்று ஒருவர் முடித்துவைத்தார். சுற்றுலாக்காரர்கள் வரிசைகட்டி நிற்கும் பார்க் குவெல்கூடத் தறிக்காசில் வந்ததுதான். அதைக் கட்டிய கட்டடக் கலைஞர் கௌடிக்குப் படியளந்த குவெல், கார்டுராயும் வெல்வெட்டும் நெய்த மில் முதலாளி. அதே கௌடியின் சக்ராடா ஃபமிலியா கோயிலுக்கு, 1882-ல் கடைக்கால் போட்ட கட்டடத்துக்கு, 2019 ஜூன் 7 அன்றுதான் மாநகராட்சி கட்டட அனுமதி கொடுத்திருந்தது. 137 வருஷம் அப்ரூவல் இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். எங்கள் குழுவுக்கு அந்த ஊர்மேல் உண்மையான மரியாதை வந்தது அப்போதுதான்.

இதைவிட எனக்கு உறைத்தது வேறு. பார்சிலோனாவின் பருத்தித் தொழிலே நம் துணியைப் பார்த்துப் போட்ட காப்பி. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க இந்திய அச்சுத் துணி மோகம். ஸ்பெயின் ராஜாங்கம் ஆசியத் துணி இறக்குமதிக்குத் தடை போட்டது. 1730-களில் பார்சிலோனாவில் அதே மாதிரித் துணியை அச்சடிக்கும் பட்டறைகள் முளைத்தன. அந்தப் பட்டறைக் காசுதான் பிறகு மில்லானது. மில் நீராவிக்கு மாறியது, பிறகு கரன்ட்டுக்கு, பிறகு மூடியது. ஐரோப்பாவில் மூடிய மில்களின் பழைய சுல்சர் தறிகள் பல நம் பக்கம் வந்து இறங்கின. அவற்றில் ஓட்டிச் சம்பாதித்தவர்கள்தான் அன்று புதுத் தறி பார்க்க அங்கே வந்திருந்தோம்.

இன்னும் கீழே போனால் ரோமானியர். பிளாசா டெல் ரெய் சதுக்கத்துக்கு அடியில் அந்தக் காலத்து பார்சினோ நகரத்தைத் தோண்டி, மேலே பாலம் போட்டு நடக்கவிடுகிறார்கள். அங்கே சலவைப் பட்டறையும் சாயப்பட்டறையும் இருக்கின்றன. தொட்டி, வாய்க்கால், நீலச் சாயத்தின் மிச்சம். இதே காலத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் மணி தீட்டிக்கொண்டிருந்தது. காங்கயத்துக்குப் பக்கத்துப் படியூரின் பச்சைக்கல்லுக்கு மேற்கே மவுசு இருந்தது.

ஜூன் 23 இரவு சான் ஜோவான். ஊரே கடற்கரைக்கு வருகிறது. பழைய மேசை, நாற்காலி, பலகையெல்லாம் தெருமுனையில் குவித்துக் கொளுத்துகிறார்கள். பட்டாசு விடிய விடிய. போகிதான். ஆனால் நம் பக்கம் போகிக்குக் கொளுத்துவதில்லையே. பூளைப்பூவும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டுவதோடு சரி. எங்களில் இளவட்டங்கள் பட்டாசுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். சிவகாசிச் சரக்குக்கு ஈடு இல்லை என்று வந்து சொன்னார்கள்.

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இந்தச் சுற்றுலாக் கூட்டம் பிடித்துவிடவில்லை. சுற்றுலாக்காரனே வீட்டுக்குப் போ என்று சுவரில் எழுதியிருந்ததை அப்போதே பார்த்தோம். 2024-ல் உணவகத்தில் உட்கார்ந்திருந்த பயணிகள்மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்கள். சுற்றுலா வாடகைக்கு விடும் 10,101 வீடுகளின் உரிமத்தை 2028-க்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று மேயர் அறிவித்தார். மில் தொழிலாளி குடியிருந்த வீட்டுக்கு வாடகை, தொழிலாளி பேரன் கட்ட முடியாத அளவுக்குப் போய்விட்டது. கோபம் நியாயம்தான். கடற்கரைக்கு டிக்கெட் வைக்காமல், வேலி போடாமல் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசி நாள் கரையோரமாகவே வடக்கே, பெஸோஸ் ஆறு கடலில் சேரும் இடம்வரை போனோம். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிக மோசமான ஆறுகளில் ஒன்று என்று பேரெடுத்த ஆறு. தோல், துணி, உலோகம் எல்லா ஆலைக் கழிவும் அதில்தான். 1990-களின் பிற்பாதியில் தொடங்கிச் சுத்தம் செய்து, கரையில் புல் வளர்த்து, நடைபாதை போட்டிருக்கிறார்கள். வாத்து நீந்துகிறது. அங்கே கடற்கரையைத் திறந்த அதே 1992-ல்தான் நம் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத் தண்ணி தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது என்ன பாடு பட்டோம் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

அண்ணன் வாத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இதுக்கு யாரு தம்பி காசு போட்டாங்க?”

ஐரோப்பிய ஒன்றிய நிதியும் கரையோர நகராட்சிகளும் என்றேன்.

“நம்முளுக்கு?”

சுத்திகரிப்புக்கு அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது, மிச்சம் பட்டறைக்காரர்கள் தலையில் என்றேன்.

“பட்டறைக்காரன் கட்டறான், சரிங்க. அந்தத் துணிய வாங்கி இங்க கட்டிக்கிட்டுப் படுத்துக் கெடக்கறாங்களே, அவிங்க?”

பீஸுக்கு ஐந்து சென்ட் கூட்டிக் கேட்டால், வாங்குகிறவர்கள் வங்கதேசத்து விலையைக் காட்டுகிறார்கள் என்று எங்களோடு வந்த ஏற்றுமதிக்காரர் சொன்னார். மெட்ரோ நிலையம் வரும்வரை அந்த ஐந்து சென்ட்டைப் பற்றித்தான் பேச்சு.