கல் நடுவது யாருக்கு?

ஒருவருக்குக் கல் நடுவது தமிழ் படித்தவனுக்குப் பழக்கமான சங்கதி. தொல்காப்பியம் அதற்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். பல ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்திவருகிறேன். அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்டுவிடுகிறார்: "கல்லைத் தேர்ந்தெடுக்க இலக்கணம் இருக்கிறதே, ஆளைத் தேர்ந்தெடுக்க இலக்கணம் உண்டா ஐயா?" போரில் பட்டவன் என்பதே இலக்கணம், சாவு பொய் சொல்லாது என்று பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆனால் யாரும் சாகாத போர்களும் உண்டு. அங்கே இந்தப் பதில் செல்லுபடியாகாது. விளையாட்டு அப்படிப்பட்ட ஒரு போர்.

பேஸ்பாலைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கும் மேலே சொன்னதே பதில். யாரை நினைவில் வைப்பது, எதற்காக வைப்பது என்பது இலக்கியத்தின் பழைய கேள்வி. தேர்வுக் குழுக்களின் பட்டியல்களைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருக்கும் நமக்கு அது அந்நியமானதல்ல.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது செயின்ட் லூயிஸ். அந்நகரின் அணி கார்டினல்ஸ். பேஸ்பாலுக்கென்று கூப்பர்ஸ்டவுனில் 1939 முதல் தேசியப் புகழ்க்கூடம் ஒன்று இருக்கிறது. அது போதாதென்று அணிகள் பலவும் தமக்கெனத் தனிக்கூடங்கள் வைத்திருக்கின்றன. கார்டினல்ஸ் தனது அருங்காட்சியகத்தையும் புகழ்க்கூடத்தையும் 2014-இல் மைதானத்துக்கு எதிரிலேயே திறந்தது. அணிக்காகக் குறைந்தது மூன்று பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். ஓய்வுபெற்று மூன்றாண்டுகள் கழிந்திருக்க வேண்டும். அண்மைக் காலத்தவரை ரசிகர்கள் இணைய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பார்கள். பழைய தலைமுறையினரை ஒரு குழு தேர்ந்தெடுக்கும். இந்த ஏற்பாட்டின்படி 2015-இல் கர்ட் ஃப்ளட் குழுவின் தேர்வாக உள்ளே வந்தார். 2017-இல் மார்க் மக்வையர் ரசிகர்களின் வாக்கால் வந்தார்.

இவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. மக்வையருக்கு அங்கே இடமில்லை. ஃப்ளட்டுக்கு இடம் உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களுக்காக அல்ல.

முதலில் மக்வையர். 1997-இன் நடுவில் ஓக்லண்டிலிருந்து வந்து 2001 வரை கார்டினல்ஸுக்காக ஆடியவர். அந்நான்கரைப் பருவங்களில் 220 ஹோம் ரன்கள். 1998-இல் மட்டும் 70. ரோஜர் மாரிஸ் 1961-இல் அடித்த 61 என்ற எண் முப்பத்தேழு ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை 1998 செப்டம்பர் 8 அன்று செயின்ட் லூயிஸ் மைதானத்திலேயே மக்வையர் கடந்தார். 1994-இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தாகி, வெறுத்துப்போயிருந்த ரசிகர்களை அந்தக் கோடைதான் மீட்டுக் கொண்டுவந்தது என்பார்கள். மறுக்கவில்லை.

அந்த ஆகஸ்டிலேயே அவரது அலமாரியில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் புட்டி ஒன்றை ஒரு நிருபர் கண்டார். அப்போது அது கடையில் கிடைக்கும் பொருள். பேஸ்பாலும் அதைத் தடைசெய்திருக்கவில்லை. சரி, விட்டுவிடுவோம். 2005 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அமர்ந்தபோது கடந்த காலத்தைப் பற்றிப் பேச மறுத்தார். 2010 ஜனவரியில், கார்டினல்ஸின் பேட்டிங் பயிற்சியாளராகப் பொறுப்பேற்கும் தருவாயில், 1998 உட்படப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்.

என் நண்பர் ஒருவர், புள்ளிவிவரப் பித்துக் கொண்டவர், இதற்கு மூன்று பதில்கள் வைத்திருக்கிறார். ஒன்று, அன்று சோதனையே இல்லை. இரண்டு, எல்லாரும் செய்தார்கள். மூன்று, ரசிகர்களின் மகிழ்ச்சி உண்மையானது. அந்த ரசிகர்களே வாக்களித்துவிட்ட பிறகு உமக்கென்ன?

சோதனை இல்லை என்பது விதி இல்லை என்பதாகாது. மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு பயன்படுத்தக் கூடாதென்று 1991-இலேயே பேஸ்பால் ஆணையர் அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். கண்காணிப்பாளர் இல்லாத தேர்வறையிலும் காப்பியடிப்பது காப்பியடிப்பதுதான். வாத்தியார் வேலை பார்ப்பவன் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் செய்தார்கள் என்பது வெறும் சப்பைக்கட்டு. செய்யாதவர்கள் இருந்தார்கள். இடம் பறிபோனவர்களும் அவர்கள்தான். அவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

மூன்றாவது வாதம் மட்டும் மதிக்கத்தக்கது. மகிழ்ச்சி உண்மையானதுதான். அப்பனும் பிள்ளையுமாக அந்தக் கோடையில் மைதானத்துக்குப் போனவர்களின் நினைவைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவேதான் ஒரு வேறுபாட்டை வலியுறுத்துகிறேன்: அருங்காட்சியகம் வேறு, புகழ்க்கூடம் வேறு. நடந்ததைக் காட்டுவது முன்னதன் வேலை. 1998-இன் மட்டையும் பந்தும் சீருடையும் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும். இருந்தே ஆக வேண்டும். 'இவர்போல் வாழ்' என்று சொல்வது பின்னதன் வேலை. நடந்தது என்பதாலேயே ஒன்று வாழ்த்துக்குரியதாகிவிடாது. மகிழ்ச்சியை உண்டாக்கியவரைப் போற்றுகிறோம் என்கிறார்கள். அந்த மகிழ்ச்சியோ அவரை நம்பியதால் வந்தது.

இதைச் சொன்னவுடன் என்மீது 'ஒழுக்கவாதி' முத்திரை விழும் என்பது தெரியும். கீத் ஹெர்னாண்டஸை எடுத்துக்கொள்வோம். 1979-இல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். 1982 உலகத் தொடரை வென்ற அணியின் முதல் பேஸ்மேன். 1985-இல் பிட்ஸ்பர்க் நீதிமன்றத்தில் தன் கொக்கேய்ன் பழக்கத்தைப் பற்றிச் சாட்சியம் சொன்னவர். 2021-இல் அவர் கார்டினல்ஸ் கூடத்தில் சேர்க்கப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். அவரது பழக்கம் அவரைத்தான் தின்றது; ஸ்கோர் அட்டையைத் தின்னவில்லை. ஒருவரின் தனிவாழ்க்கையைத் துருவி எடைபோடச் சொல்லவில்லை நான். ஆட்டத்தில் கள்ளம் செய்தாரா என்று மட்டுமே கேட்கிறேன்.

இனி ஃப்ளட். பன்னிரண்டு பருவங்கள், 1958 முதல் 1969 வரை, கார்டினல்ஸின் சென்டர் ஃபீல்டர். 1963 தொடங்கி ஏழாண்டுகள் தொடர்ந்து கோல்ட் க்ளவ் விருது. 1966 பருவம் முழுவதிலும் ஒரு பிழைகூடச் செய்யவில்லை. ஆறு பருவங்களில் மட்டை சராசரி .300-க்கு மேல். 1964-இல் 211 ஹிட்கள். அவ்வாண்டும் 1967-லும் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தவர். 1968 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டெட்ராய்ட்டின் ஜிம் நார்த்ரப் அடித்த பந்தைத் தவறாகக் கணித்தார், அது தலைக்கு மேல் போயிற்று, தொடரும் போயிற்று. ஏழாண்டுக் கைத்திறனை மறந்துவிட்டு அந்த ஒரு நொடியையே பேசியவர்கள் உண்டு.

1969 அக்டோபரில் அணி அவரை, டிம் மக்கார்வர் முதலியோருடன் சேர்த்து, ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அவர் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அன்றில்லை. ஒப்பந்தத்தில் இருந்த 'ரிசர்வ்' ஷரத்து, ஆட்டக்காரரை ஆயுளுக்கும் ஓர் அணியின் சொத்தாக்கி வைத்திருந்தது. அணி அவரை விற்கலாம், கொடுக்கலாம், கழற்றிவிடலாம். அவர் மட்டும் போக முடியாது. அவ்வாண்டு ஃப்ளட்டின் சம்பளம் 90,000 டாலர், பெரிய தொகை. டிசம்பர் 24 அன்று ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். தன் விருப்பத்தைக் கேளாமல் தன்னைக் கைமாற்ற யாருக்கும் உரிமையில்லை என்பதும், மற்ற அணிகளின் அழைப்பையும் பரிசீலிக்கத் தனக்கு உரிமையுண்டு என்பதும் அதன் சாரம். கோரிக்கை மறுக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தார்.

1970 பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. ஜாக்கி ராபின்சன் சாட்சி சொல்ல வந்தார். அன்று களத்தில் இருந்த ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைத் தமிழ் வாசகர்கள் ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். நீதிபதி பிளாக்மன் பேஸ்பாலின் பெருமையைப் பாடித் தொடங்குகிறார். எண்பதுக்கும் மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். பெரும்பான்மையில் இருந்த இரு நீதிபதிகளே அப்பகுதியில் சேர மறுத்தார்கள். அதாவது, முதலில் ஒரு புகழ்க்கூடம் கட்டப்பட்டது. பிறகு அதன் வாசலில் வைத்து உயிரோடிருந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு நியாயம் மறுக்கப்பட்டது. புகழ்மாலைகள்மீது எனக்குள்ள ஐயத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர் தோற்றார்தானே, 1975 டிசம்பரில் ஷரத்தை உடைத்தது மெஸ்ஸர்ஸ்மித், மக்னலி இருவரின் வழக்குதானே என்கிறார் நண்பர். சரிதான். ஆனால் 1973-லேயே ஒரு விதி வந்துவிட்டது: லீகில் பத்தாண்டுகளும் அதே அணியில் கடைசி ஐந்தாண்டுகளும் ஆடியவரை அவர் சம்மதமின்றி மாற்ற முடியாது. 1969-இல் ஃப்ளட் பன்னிரண்டாண்டுக்காரர். அவ்விதி அன்று இருந்திருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது. அதை ஃப்ளட்டின் பெயராலேயே வழங்குகிறார்கள். 1998-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டமும் அவர் பெயரைத் தாங்கியது. அதே 1998 கோடையில்தான் செயின்ட் லூயிஸ் வேறொருவரின் எழுபதை எண்ணிக்கொண்டிருந்தது. ஃப்ளட் அதற்கு முந்தைய ஆண்டே, 1997 ஜனவரியில், இறந்துவிட்டிருந்தார்.

அணியை எதிர்த்தவருக்கு அணி ஏன் கல் நட வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. விசுவாசம் என்ற சொல்லை இங்கே கறாராகப் பயன்படுத்த வேண்டும். பன்னிரண்டாண்டு ஆடியவரை ஒரு தொலைபேசி அழைப்பில் அனுப்பியது யார்? நான் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றது யார்? அவர் கேட்டது கூடுதல் சம்பளத்தை அல்ல, தேர்ந்துகொள்ளும் உரிமையை. அதற்கு விலையாக முப்பத்திரண்டு வயதில் ஆட்டத்தையே கொடுத்தார். 1971-இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை, விலகினார்.

எனவே ஏழு கோல்ட் க்ளவ்களைக் காட்டி ஃப்ளட்டை உள்ளே அழைத்துவந்தது போதாது. அது அவரைச் சாதுவான நல்ல ஃபீல்டராக்கி, கடிதத்தை மறக்கச் செய்யும் வழி. அவருடைய தகுதிகளில் முதல் வரியாக அந்தக் கடிதம் வர வேண்டும். கையுறைகள் இரண்டாம் வரியில் வரட்டும். தன்னை எதிர்த்தவர் சரி, தான் செய்தது பிழை என்று தன் சுவரிலேயே எழுதத் துணியும் அணிக்குத்தான் புகழ்க்கூடம் நடத்தும் தகுதி உண்டு.

ரசிகர் வாக்கெடுப்பையும் இதையொட்டியே பார்க்கிறேன். வாக்காளர்கள் தாம் கண்டதை நினைவுகூர்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஹோம் ரன் எல்லார் கண்ணிலும் படும். ஒருவர் 'மாட்டேன்' என்று எழுதிய கடிதம் படாது. கண்ணில் படாததை நினைவில் வைப்பதற்குத்தானே கூடம் கட்டுகிறோம்?

அந்த மாணவரின் கேள்விக்கு அடுத்த முறை வேறு பதில் சொல்வதாக இருக்கிறேன். ஆநிரை மீட்கப் போனவனுக்கு நம் முன்னோர் கல் நட்டார்கள். தன்னையும் தன்னைப் போன்றவர்களையும் அந்த ஆநிரையிலிருந்தே மீட்கப் போனவர் ஒருவர் செயின்ட் லூயிஸில் இருந்தார்.