உபாத்தியாயர் எப்பக்கம்?

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர், மாலைவரை தமது ஸ்தானத்தில் உபாத்தியாயரே நிற்பார் என்று நம்புகின்றனர். பொலிஸ் உத்தியோகத்தரொருவர் வகுப்பறைக்கு வந்து அப்பிள்ளையை அழைத்துச் செல்வாராயின், அதன் பக்கம் நிற்பவர் யார்? ஐக்கிய அமெரிக்காவில் பாடசாலைகள் பலவற்றிற் பொலிஸார் நிரந்தரமாகவே கடமையாற்றுகின்றனர். ஆதலின், அங்கு இவ்வினா பலமுறை நீதிமன்றம் சென்றுள்ளது.

2005ஆம் ஆண்டில் வட கரோலைனா மாநிலத்தில் 13 வயதுச் சிறுவனொருவனைச் சீருடையணிந்த உத்தியோகத்தர் வகுப்பிலிருந்து அழைத்துச் சென்றார். கதவடைத்த அறையில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் களவு பற்றி விசாரித்தனர். பாதுகாவலரான பாட்டிக்கு அறிவிக்கவில்லை. பேசாதிருக்கும் உரிமை உண்டென்று அவனுக்கு உரைப்பாருமில்லை. உடனிருந்த உப அதிபரோ, உண்மையைச் சொல்லிவிடும்படி அவனைத் தூண்டினார். சிறுவன் ஒப்புக்கொண்டான்.

காவலில் உள்ளவரை விசாரிக்குமுன் அவருடைய உரிமைகளை எடுத்துரைக்க வேண்டுமென்பது அந்நாட்டில் 1966 முதல் நிலைபெற்ற விதி. சிறுவன் காவலில் இருக்கவேயில்லை என்று அரசு தரப்பு வாதித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், காவலா அன்றா எனத் தீர்மானிக்கையிற் பிள்ளையின் வயதையும் கருத வேண்டுமென்று தீர்ப்பளித்தது. வளர்ந்தவர் எழுந்துபோகத் துணியும் இடத்திற் பிள்ளை துணியாது. இதனை உபாத்தியாயர்க்கு நீதியரசர் சொல்லவேண்டியதில்லை. "இரு" என்றால் இருக்கப் பழக்கியவர்கள் நாமன்றோ!

கென்டக்கி மாநிலத்தில் 2014இல் நிகழ்ந்தது இதனினுங் கொடிது. உளக்குறைபாடுடைய 8, 9 வயதுப் பிள்ளைகள் இருவருக்குப் பாடசாலையிற் கடமையாற்றிய உத்தியோகத்தர், முழங்கைக்கு மேலே கைவிலங்கு பூட்டினார். உரிமை மீறும் அரச உத்தியோகத்தர்மீது வழக்குத் தொடர இடமளிக்கும் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையுடன் பெற்றோர் வழக்காடினர். அச்செயல் அரசியலமைப்புக்கு முரணானதென 2017இற் தீர்ப்பாயிற்று.

சட்டம் நல்லதே, ஆயினும் அது பின்னரே வருகின்றது. விலங்கு பூட்டியது ஒருநாள், தீர்ப்புக்கோ மூன்றாண்டு. வட கரோலைனாச் சிறுவன் தன் தீர்ப்பைக் கேட்டபோது சிறுவனாகவே இருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் அவ்வேளையில் அறையிலிருக்கும் உபாத்தியாயர் ஒருவரே.

பிள்ளை பிழை செய்திருக்கலாம், விசாரணையும் அவசியமாகலாம். எனினும், "இவன் பெற்றோருக்கு அறிவித்தீர்களா?" என்று பணிவோடு, ஆனால் உறுதியோடு கேட்பது குற்றத்தை மறைப்பதன்று. பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்த கடமையைச் செய்வதேயாகும்.