தூதுவருக்கு நட்சத்திரம் எதற்கு?

வாடகைக் கார் ஓட்டியவருக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம், உணவுப் பொட்டலம் கொண்டுவந்தவருக்கு எத்தனை என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட காலம் இது. அமெரிக்காவில் காது கேளாதோருக்காக இயங்கும் தொலைபேசி ரிலே சேவைக்கும் இப்பழக்கத்தை நீட்டி, ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் வாடிக்கையாளர் இடும் மதிப்பெண்ணை ஊரறிய வெளியிட வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. வெளிப்படைத்தன்மை, நுகர்வோர் உரிமை முதலிய பெரிய சொற்கள் அவ்வாதத்துக்குத் துணை நிற்கின்றன. நாம் இதை மறுக்கிறோம். காது கேளாதோர் குறை சொல்லக் கூடாது என்பதற்காக அன்று. அவர்களுக்கு உண்மையில் வேண்டியதை இந்த நட்சத்திரங்கள் கெடுத்துவிடும் என்பதற்காக.

சேவையின் இயல்பை முதலில் சொல்லிவிடுவோம். 1964இல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் காது கேளாத இயற்பியலாளர், டெலிடைப் இயந்திரத்தைச் சாதாரணத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியை உருவாக்கினார். இருமுனையிலும் இயந்திரம் இருந்தால் தட்டச்சிலேயே உரையாடலாம். ஆனால் மருத்துவரிடமும் கடைக்காரரிடமும் அந்த இயந்திரம் இல்லை. ஆகவே இடையில் ஒரு மனிதர் தேவைப்பட்டார்: காது கேளாதவர் தட்டியதை வாயால் படித்து, மறுமுனை பேசியதைத் தட்டச்சிட்டு அனுப்புபவர். 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இச்சேவையைத் தொலைபேசி நிறுவனங்களின் கடமையாக்கி, 1993 ஜூலைக்குள் நாடெங்கும் கிடைக்கச் செய்யப் பணித்தது. பிறகு 711 என்ற பொது எண் வந்தது. இன்று பலர் காணொளியில் சைகைமொழி பெயர்ப்பாளர் வழியாகவே பேசுகிறார்கள்.

இந்த ஆபரேட்டரை மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதிகள் கட்டிப்போட்டிருக்கின்றன. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். பேசுபவரே சுருக்கச் சொன்னாலன்றிச் சுருக்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அழைப்பு முடிந்தபின் உரையாடலின் பதிவை வைத்திருக்கவும் கூடாது. தட்டச்சு வழி அழைப்புகளில் அவர் பெயர் சொல்லி அறிமுகமாவதில்லை; ஓர் எண்தான் அவர் அடையாளம்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே திருக்குறளின் தூது அதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. வள்ளுவரின் தூதுவன் தொகுத்துச் சொல்வான், கடுஞ்சொல்லை விலக்குவான், கேட்பவன் மகிழச் சொல்லி, அனுப்பிய அரசனுக்கு நன்மை தேடுவான். அரசுத் தூதுக்கு அது பெருமை. ரிலே ஆபரேட்டருக்கோ அதுவே குற்றம். காது கேளாதவர் தம் சார்பில் சாமர்த்தியம் காட்ட ஒரு தூதுவரைக் கேட்கவில்லை. தம் சொல்லைத் தம் சொல்லாகவே கொண்டுசேர்க்கும் ஒரு குரலைக் கேட்கிறார். மற்றவர்களுக்குக் கோபமாகப் பேச உரிமை உண்டென்றால் அவருக்கும் உண்டு. மற்றவர்கள் காதில் விழும் அவமதிப்பு அவர் கண்ணிலும் விழத்தான் வேண்டும். எதிராளி எப்படிப்பட்டவர் என்று அறிய வேறு வழி அவருக்கு இல்லை.

நட்சத்திரம் நுழைந்தவுடன் என்ன நேரும்? வீட்டு உரிமையாளர் எரிந்து விழுகிறார். ஆபரேட்டர் அதை அப்படியே தட்டச்சிட்டால் படிப்பவர் மனம் கசக்கும். அக்கசப்பு மதிப்பெண்ணில் இறங்கும். ‘வீடு காலியில்லையாம்’ என்று மென்மையாக்கி அனுப்பினால் நன்றியும் ஐந்து நட்சத்திரமும் கிடைக்கும். வேலை மதிப்பெண்ணைத் தொங்கிக்கொண்டிருக்கும்போது எத்தனை பேர் முதல் வழியைத் தேர்வார்கள்? சேவையின் உயிரான விசுவாசத்துக்கு நாமே ஓர் அபராதம் விதித்தவர்களாவோம்.

இதைவிடப் பெரிய சிக்கல், மதிப்பிடுபவர் எதைக் கண்டு மதிப்பிடுகிறார் என்பது. மறுமுனை பேசியது காது கேளாதவருக்குக் கேட்காது. ஆபரேட்டர் என்ன தட்டச்சிட்டார் என்பது மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாது. விட்டுப்போன வாக்கியத்தை இருவருமே காண்பதில்லை; மூலமும் பெயர்ப்பும் ஒருங்கே தெரிந்தவர் ஆபரேட்டர் ஒருவரே. அப்படியிருக்க, நட்சத்திரம் எதை அளக்கும்? வேகத்தை அளக்கும்; குரலின் இனிமையை அளக்கும்; வந்த செய்தி நல்லதா கெட்டதா என்பதை அளக்கும். பெயர்ப்பு சரியா என்பதை மட்டும் அளக்காது. மூலத்தை அறியாமல் மொழிபெயர்ப்பைப் பாராட்டும் விமர்சனத்தை இலக்கிய வாசகர்களாகிய நாம் எத்தனை முறை நகைத்திருக்கிறோம்!

மதிப்பெண் இடுபவர் யார் என்பதும் தெளிவாக இல்லை. ஒவ்வோர் அழைப்பிலும் இருவர் இருக்கிறார்கள். ரிலே அழைப்பை விற்பனை அழைப்பென்று எண்ணித் துண்டித்துவிடும் வழக்கம் காது கேளாதோர் நன்கறிந்த அவதி. அந்தத் துண்டிப்பு யார் கணக்கில் ஏறும்? 2000களில் இணைய வழி ரிலேயை மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டு, திருட்டுக் கடன் அட்டை எண்களால் கடைகளில் பொருள் கேட்டார்கள். மோசடி என்று உணர்ந்தாலும் இடைப்புகுந்து எச்சரிக்க ஆபரேட்டருக்கு விதி இடம் தரவில்லை. ஏமாந்த கடைக்காரர் இடும் ஒற்றை நட்சத்திரம், விதியைக் காத்ததற்கான தண்டனையாக அல்லவா ஆகும்?

தண்டிக்கப்பட்டவர் பதில் சொல்லவும் இயலாது. உணவகத்துக்காரர் ‘அன்று நடந்தது இது’ என்று பொதுவில் விளக்கலாம். ஆபரேட்டர் வாய் திறந்தால் இரகசியக் காப்பை மீறியவராவார். வாயைக் கட்டிவிட்டு அம்பலத்தில் நிறுத்துவதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை அன்று. காணொளிச் சேவையில் முகமும் தெரிகிறது. சைகைமொழிச் சமூகம் சிறியது; அதே பெயர்ப்பாளர் வேறொரு நாள் மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ அதே மக்களுக்கு எதிரே நிற்கக்கூடும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்க வேண்டாம். காது கேளாதோருக்கு எது நல்லது என்று காது கேட்பவர்களே முடிவுசெய்த வரலாறு நெடியது. மெதுவாகத் தட்டும் ஆபரேட்டர், தன் கருத்தைக் கலக்கும் ஆபரேட்டர், சலிப்பைக் காட்டும் ஆபரேட்டர் எல்லாம் கற்பனை அல்ல. அதனால்தான் 2000ஆம் ஆண்டின் விதித் திருத்தம் நிமிடத்துக்கு 60 சொற்களேனும் தட்டச்சிடும் திறனைக் கட்டாயமாக்கியது. புகார்ப் பதிவேடு வைத்து ஆண்டுதோறும் அதன் சுருக்கத்தை ஆணையத்துக்கு அனுப்பவும் பணித்தது. வேண்டுவது அந்த வழியை ஆழப்படுத்துவதே. முன்கூட்டி எழுதிய உரையாடலை வைத்துச் சோதனை அழைப்புகள் நடத்தட்டும்; மூலமும் பெயர்ப்பும் அங்கே ஒருங்கே கையில் இருக்கும். அச்சோதனையைக் காது கேளாதோரே தலைமையேற்று நடத்தட்டும். முடிவுகளை நிறுவனத்தின் பெயரால் வெளியிடட்டும். நிமிடக் கணக்கில் பணம் பெறுவதும், ஆளைக் குறைத்து வேலையை ஏற்றுவதும், பயிற்சிக்குச் செலவிடத் தயங்குவதும் நிறுவனமே. நட்சத்திரம் கொடுத்தே தீர வேண்டுமென்றால் அதற்குக் கொடுங்கள்.

ஓர் ஆபரேட்டர் தவறினால் அவரது எண்ணைக் குறித்து, திரையில் உள்ள உரையை இணைத்து, விசாரித்துப் பதில் சொல்லும் கடமையுள்ள இடத்தில் புகார் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். புகாருக்கு விசாரணை உண்டு, பதில் உண்டு, திருத்தம் உண்டு. நட்சத்திரத்துக்கு இவற்றில் ஒன்றுமில்லை.