இரண்டாம் திரையில் துவாலு

டேப்லெட்டை லேப்டாப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டாம் திரையாக்கிக்கொள்ளத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஐபேடும் மேக்கும் வைத்திருப்போருக்கு 2019 முதல் சைட்கார் என்ற வசதி இருக்கிறது. மற்றவர்களுக்கு ஸ்பேஸ்டெஸ்க், டூயட் டிஸ்ப்ளே போன்ற செயலிகள் உண்டு. இன்னொரு மானிட்டர் இருப்பதாகவே கணினி கருதி அதற்கான படத்தை உருவாக்குகிறது. அந்தப் படம் வீடியோவாகச் சுருங்கி, வைஃபை வழியாகவோ கேபிள் வழியாகவோ டேப்லெட்டுக்குப் போகிறது. வைஃபை மந்தமானால் மவுஸின் அம்புக்குறி இழுத்து இழுத்து நகரும்; கேபிளைச் செருகினால் சரியாகிவிடும்.

இந்த வசதி மிகவும் கைகொடுப்பது பயணத் திட்டம் போடும்போது. லேப்டாப்பில் விமான அட்டவணை, டேப்லெட்டில் வரைபடம். சிங்கப்பூர் போகிறவருக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஆனால் ஃபிஜிக்கு வடக்கே துவாலு என்ற நாட்டைத் தேடினால் திரை முழுக்க நீலம்தான். விரலால் விரித்துக்கொண்டே போனால் முதலில் ஒரு வெளிர் வளையம், பிறகு அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு மெல்லிய நிலக்கீற்று, கடைசியில் அந்தக் கீற்றில் ஒரு ஓடுபாதை. அந்த இடம்தான் தலைநகர் ஃபுனாஃபுட்டி.

துவாலுவின் ஒன்பது தீவுகளும் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 10,000 பேர். பிரிட்டனிடமிருந்து 1978இல் விடுதலை பெற்ற நாடு. ஃபிஜியிலிருந்து வாரத்தில் சில நாட்களே விமானம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் போட்ட ஓடுபாதைதான் இன்றும். விமானம் வரும் முன் சைரன் ஒலிக்க, மக்கள் விலகிக்கொள்வார்கள். மாலையில் அதே இடத்தில் கைப்பந்தும் கால்பந்தும் நடக்கும்.

நாடுகளை எண்ணிச் சேர்க்கும் பயணிகளுக்கு இந்த ஓடுபாதையே போதுமானதாகிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை, தார் மேல் படுத்து ஒரு படம், அடுத்த விமானத்தில் திரும்பல். இந்தப் பத்தி பட்டியல் பயணத்தைப் பலமுறை கண்டித்திருப்பதை வாசகர்கள் அறிவார்கள். துவாலு விஷயத்தில் அந்தக் கோபம் இரட்டிப்பாகிறது. ஏனென்றால் அறிவியல் வரலாற்றின் ஒரு பெரும் வழக்கு விசாரிக்கப்பட்ட மண் அது.

பவளப்பாறைகள் பற்றிய டார்வினின் நூல் 1842இல் வந்தது. உயிரினத் தோற்றம் பற்றிய நூலின் புகழ் இதை மூடிவிட்டது பெரிய அநியாயம். வளையத் தீவுகளுக்கு அதில் அவர் தந்த விளக்கம் இது: கடலில் எரிமலைத் தீவு ஒன்று மெல்ல அமிழ்கிறது; அதன் ஓரத்துப் பவளம் வெளிச்சத்தை நாடி மேல்நோக்கி வளர்கிறது; மலை மறைந்த பின் வளையல் போல் பவளம் மட்டும் மிஞ்சுகிறது. பவளப்பாறை ஒன்றையும் நேரில் காணும் முன்பே, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தபோதே இந்த விளக்கத்தை அவர் யோசித்து முடித்திருந்தார். மெய்யா என்று பார்க்க ஒரே வழி, தோண்டுவது. லண்டன் ராயல் சொசைட்டி இதற்குத் தேர்ந்தெடுத்தது ஃபுனாஃபுட்டியை. 1896இல் வந்த முதல் குழு மணலிலும் கல்லிலும் சிக்கித் தோற்றது. அடுத்த ஆண்டு சிட்னியிலிருந்து நிலவியலாளர் எட்ஜ்வொர்த் டேவிட் வந்தார். 1898இல் துளை சுமார் 340 மீட்டரை எட்டியது. அவ்வளவு ஆழத்திலும் பவளச் சுண்ணாம்புதான். எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. பாறை கட்டும் பவளம் ஆழமற்ற நீரில் மட்டுமே வாழும் என்பதால் டார்வின் பக்கம் வலுத்தது. அவர் விளக்கத்தை ஏற்காத எதிர்த்தரப்போ, மேலிருந்து சரிந்து குவிந்த சிதைவு அது என்றது. 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை அகப்பட்ட பிறகே வழக்கு முடிந்தது. ஃபுனாஃபுட்டியில் துளையிட்ட இடம் இன்றும் இருக்கிறது. ஓடுபாதையோடு திரும்புகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

போகிறவர்கள் ஆஸ்திரேலிய டாலரை ரொக்கமாக எடுத்துச் செல்வது நல்லது. நாட்டின் முதல் ஏடிஎம் 2025 ஏப்ரலில்தான் வந்தது. தீவில் ஆறு கிடையாது, குடிக்க மழைநீர்தான். தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். மற்ற எட்டுத் தீவுகளுக்கு விமானம் இல்லை, கப்பல்தான் வழி. கையில் சில வாரங்கள் இருந்தால் அதிலும் ஏறலாம்.